பழி பூனை மேலா? படர்தாமரை: கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், மகள் கையில் இரண்டாவது முறையாகப் படர்தாமரை. எங்கள் பாரசீகப் பூனைக்கு ஒரு வட்டம்கூட இல்லை. அதனிடமிருந்து வந்திருக்குமா?

பதில்: வந்திருக்கலாம். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைக்குப் பெயரில்தான் நாய். குடியிருப்பது பெரும்பாலும் பூனையிடம். நீள முடிப் பூனைகளில் முடி கொட்டாமல், அரிப்பில்லாமல் இருந்துவிடும். இதில் இரண்டு வகை உண்டு. நோய் இருந்தும் வெளியே தெரியாத பூனை ஒன்று. எங்கோ ஒட்டிய வித்துகளைத் தூசியைப்போல முடியில் சுமந்து திரியும் பூனை மற்றொன்று. கண்ணால் பிரித்தறிய முடியாது. புதிய டூத்பிரஷ்ஷால் உடல் முழுவதும் வாரி, அந்தப் பிரஷ்ஷையே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். பூஞ்சை வளர்ந்தால் பூனையைக் குளிப்பாட்டி, வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி வாரி அனுப்புங்கள். சுமை மட்டும் என்றால் இம்முறை வளராது. மகளுக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் வாங்கிப் பூசாதீர்கள்.

கேள்வி: நாயின் காதோரம் வட்டமாக முடி கொட்டுகிறது. என்ன களிம்பு?

பதில்: டெமோடெக்ஸ் சிற்றுண்ணியும் பாக்டீரியாவும்கூட இதே வட்டத்தைப் போடும். முதலில் தோலைச் சுரண்டிப் பார்க்கட்டும். ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம்.

கேள்வி: புற ஊதா விளக்கில் பூனை ஒளிரவில்லை. நோய் இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. மைக்ரோஸ்போரம் கேனிஸ் தாக்கிய முடி பெரும்பாலும் ஆப்பிள் பச்சையில் ஒளிரும். டிரைக்கோபைட்டான் என்ற வேறு பூஞ்சை தாக்கியது ஒளிராது.

கேள்வி: அப்படியானால் விளக்கு எதற்கு? என் கணவருக்குத் தொடை இடுக்கில் ஆறு மாதமாக இருக்கிறது. பூனையைக் கொடுத்துவிடப் போகிறேன்.

பதில்: ஒளிரும் முடியைப் பிடுங்கிச் சோதிக்கத்தான் விளக்கு. பூனையை அனுப்பினாலும் உதிர்ந்த முடியில் வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும், சோபாவையும் கொடுப்பீர்களா? அது இருக்கட்டும், தொடை இடுக்கு என்றால் நான் பூனையைச் சந்தேகிக்க மாட்டேன். இந்தியாவில் அங்கே அதிகம் காண்பது, 2020-ல் பெயர் பெற்ற டிரைக்கோபைட்டான் இண்டோடினியே. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பல நேரம் மசியாது. ஒரே துண்டை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்?

கேள்வி: சினைப் பூனைக்கு கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சை மாத்திரை தரலாமா?

பதில்: கூடவே கூடாது. குட்டிகள் ஊனத்தோடு பிறக்கலாம்.

கேள்வி: பூனைக்கு வட்டம். எந்தக் களிம்பு?

பதில்: மேலே நாய்க்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: துண்டு ஒன்றுதான், டாக்டர். நான்கு பேர். கணவருக்கு மட்டும் இப்போது பூசும் களிம்பையே தொடரட்டுமா?

பதில்: நான்கு துண்டு வாங்குங்கள். கணவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பூனை வீட்டிலேயே இருக்கட்டும்.