வயல் நண்டு கடலை விட்டு எப்படி வந்தது?

"நண்டு என்றாலே கடல்தானே, பிறகு வயலிலும் மலை ஓடையிலும் இருக்கும் நண்டுகள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன?" என்று கேட்டிருக்கிறீர்கள். முகத்துவாரம் வழியாக ஆற்றில் ஏறி வந்திருக்கும் என்பார்கள். முதல் படி அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் ஏறி வருவது பெரிய காரியமில்லை. மறுபடி கடலுக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் பெரிய காரியம்.

எங்கள் ஊரில் நடவுக்கு முன்னால் வரப்பு வெட்டும்போது மண்வெட்டிக்கு நண்டு வளை சிக்கும். வரப்பைத் துளைத்துத் தண்ணீரை அடுத்த வயலுக்கு விட்டுவிடும் என்பதால் நண்டின் மேல் யாருக்கும் கருணை கிடையாது. ஒருமுறை அப்பா ஒரு பெட்டை நண்டைப் புரட்டி, வயிற்றோடு ஒட்டி மடிந்திருந்த அகலமான மூடியை விரலால் நெம்பிக் காட்டினார். உள்ளே மிளகைவிடச் சிறிய குட்டி நண்டுகள். கால், கொடுக்கு எல்லாம் முழுசாக இருந்தன. சில என் உள்ளங்கையில் விழுந்து பக்கவாட்டில் ஓடின. "குஞ்சு வெளியே வந்தா தாய் செத்துடும்" என்றார். ஊரே அப்படித்தான் சொல்லும். அது சரியில்லை. குஞ்சுகளை இறக்கிவிட்ட பிறகும் தாய் பிழைத்திருந்து மறுபடியும் முட்டை வைக்கும்.

உங்கள் கேள்விக்கு விடை அந்த மூடிக்குள்தான் இருக்கிறது. மீன் கடையில் வாங்கும் நீலக்கால் நண்டு லட்சக்கணக்கில் முட்டை வைக்கும். பொரிந்து வருவது நண்டு மாதிரியே இருக்காது. ஸோயியா என்கிற மிதக்கும் இளம் உயிரி அது, வளர உப்புத்தண்ணீர் வேண்டும். ஆற்று இறால் இன்னும் கடலோடான இந்தப் பிணைப்பிலேயே இருக்கிறது. வாழ்வது ஆற்றில், ஆனால் குஞ்சு பொரிக்க முகத்துவாரத்துக்கு இறங்க வேண்டும். வயல் நண்டு இந்தப் பிணைப்பை அறுத்துவிட்டது. முட்டை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது, மஞ்சள் கரு நிறைய. மிதக்கும் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இப்படி நன்னீரிலேயே வாழ்வை முடித்துக்கொள்ளும் நண்டுகள் உலகில் 1,300 இனங்களுக்கு மேல்.

இதற்கு விலையும் உண்டு. கடல் நீரோட்டத்தில் குஞ்சுகளை அனுப்பித் தூரதேசம் பிடிக்கும் வழி போயிற்று. அதனால் 'தென்கண்டங்களும் இந்தியாவும் ஒன்றாக ஒட்டியிருந்த பழைய கோண்டுவானா நிலப்பரப்பிலேயே இந்த நண்டுகள் இருந்தன, இந்தியா பிரிந்து வந்தபோது கூடவே வந்தன' என்ற கதையை நானும் வெகுநாள் நம்பினேன். அழகான கதை, ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் நண்டுகளின் கெகார்சினூசிடே குடும்பமோ தென்கிழக்கு ஆசியாவில் தோன்றி, அதற்கு வெகுகாலம் கழித்து, இயோசீன் காலத்தில்தான் (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்) இங்கே வந்தது என்கிறது 2010-இல் வெளியான மரபணு ஆய்வு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் செஷல்ஸ் தீவுகளின் நண்டும் இப்படித்தான். அந்தத் தீவு ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்தது, ஆனால் அதன் நண்டுக்கு நெருங்கிய உறவுக்கார நண்டுகள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. வேரோடு அடித்துப்போன மரத்தில் தொற்றிக்கொண்டு கடல் தாண்டியிருக்க வேண்டும்.

கோண்டுவானா கதை நிஜமாகவே பொருந்துவது கிரேஃபிஷுக்கு. சிங்கி இறாலின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தெற்குக் கிளை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மடகாஸ்கர், தென்னமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிறது. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் இந்தியாவிலும் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. மடகாஸ்கரில் இருந்துகொண்டு இங்கே இல்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் இலங்கை. அங்கே ஏறக்குறைய 50 நன்னீர் நண்டு இனங்கள், கிட்டத்தட்ட எல்லாமே அந்தத் தீவுக்கு மட்டும் உரியவை. இத்தனைக்கும் பனியுகங்களில் கடல் மட்டம் இறங்கிப் பாக் நீரிணை பலமுறை நடந்து போகும் நிலமாக இருந்தது, கடைசியாக சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை. அப்படியும் மலை நண்டுகள் தாண்டவில்லை. மழைக்காட்டு ஓடையில் ஊறிய நண்டுக்கு அந்த வறண்ட சமவெளியும் கடல் மாதிரிதான். தாழ்நிலத்துக்காரனான ஓசியோதெல்பூசா என்ற பேரினம் இரண்டு கரையிலும் உண்டு. அதற்குக் குளமும் வயலும் இருந்தால் போதும், வரப்பை ஓட்டை போட்டுக்கொண்டு பிழைத்துக்கொள்ளும்.