மூட் கோர்ட்டில் பேச இங்கிலீஷ் தடையா?

"கோபி பக்கம் ஊர், தமிழ் மீடியம். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. முதல் மூட் கோர்ட் போட்டி, சாயக்கழிவு வழக்கு. என் இங்கிலீஷை நம்பிப் பேச நிற்கலாமா, ரிசர்ச்சராகவே இருந்துவிடட்டுமா அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார். (மூட் கோர்ட் என்பது சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கில் வக்கீலாக நின்று வாதாடும் மாதிரி நீதிமன்றம். ரிசர்ச்சர், அணிக்காகச் சட்டத்தைத் தேடிக் கொடுப்பவர், வாதாட மாட்டார்.)

பேச நில், அம்மிணி. ரிசர்ச்சரானால் தப்பித்துவிடலாம் என்பதும் தப்புக் கணக்கு. பல போட்டிகளில் ரிசர்ச்சருக்குத் தனித் தேர்வே உண்டு. தவிர, சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் கணக்குப்படி மூட் கோர்ட் பாடத்திலேயே மூன்று வழக்கு, எழுத்துக்கு 5, வாதத்துக்கு 5 மதிப்பெண் என்று எப்படியும் வாய் திறந்தாக வேண்டும்.

சரளமாகப் பேசுகிறவர்கள்தான் பல நேரம் மாட்டிக்கொள்கிறார்கள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது நீதிபதி குறுக்கிட்டு, "இது மெமோரியலில் (எழுதிக் கொடுத்த வாதத்தில்) எந்தப் பாரா?" என்று கேட்டால் அதோடு சரி. உடனே பாராவைக் காட்டுகிறவளிடம் இலக்கணப் பிழையை யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உனக்கு வந்திருப்பது நம்ம ஊர்ச் சங்கதி. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் 2006இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட, திருப்பூர் சாய ஆலைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009இல் அங்கே கழிவை வெளியே விடாமல் நிறுத்த மூன்று மாத அவகாசம் கிடைத்தது, ஆனால் மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது நிலைத்தது. பெயரைச் சொல்லி நகர்ந்துவிடாமல் இந்தக் கதை முழுக்கச் சொல்லத் தெரிய வேண்டும். இதற்கு அடிப்படை போட்ட 1996 வேலூர் தோல் கழிவு வழக்கும் அப்படித்தான்.

ஆனால் ஊர்க்காரி என்பதே உனக்கு வினையாகலாம். ப்ரொப்போசிஷனில், அதாவது போட்டிக்குக் கொடுத்த வழக்கு விவரத்தில், என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வழக்கு, நொய்யலில் நீ கண்ணால் பார்த்த நுரையை அதற்குள் கொண்டுவர முடியாது. நொய்யலின் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பார்த்த கோபத்தை வைத்துக்கொண்டே, அடுத்த சுற்றில் ஆலை தரப்பில் நின்று அரசியல் சட்டம் 19(1)(ஜி) தரும் தொழில் உரிமை பேச வேண்டி வரும், ஏனென்றால் இரண்டு பக்கமும் தயார் செய்வதுதான் போட்டி.

பயிற்சிக்கு, முதலில் வீட்டில் அப்புச்சியிடம் தமிழிலேயே வாதாடு, அவர் "அதெப்புடி?" என்று கேட்கிற இடமெல்லாம் ஓட்டை. அதை அடைத்த பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் வை. கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம், தப்பில்லை. அப்புறம், ரிபட்டலுக்கு (எதிர்த்தரப்பு பேசிய பிறகு பதில் சொல்ல) நேரம் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே ஒதுக்கச் சொல்லி வை, கடைசியில் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.