பேங்க் விழுந்த வருஷங்கள்ல டப்ளின்ல இருந்தவ சொல்றேன் தம்பி

தம்பி கேட்டது இதுதான்: டப்ளின் வந்து அஞ்சு மாசம் ஆகுது, ஆஃபீஸ்ல சாப்பிடும்போது ஐரிஷ்காரங்க டிவியில எதிர்க்கட்சி ஆளு பார்லிமென்ட்ல கத்துறத பாத்துட்டு "இன்னொரு கில்மோர்"னு சொல்லி சிரிக்கிறாங்க, யாருக்கா அது, 2008 மாதிரி மறுபடி ஆகுமா, சேத்து வெச்ச காசை இப்பவே ஊருக்கு அனுப்பிடட்டுமா?

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். பயந்துபோய் அனுப்ப வேணாம். ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு 1,00,000 யூரோ வரைக்கும் டெபாசிட் காரண்டி இருக்கு. அஞ்சு மாசத்துல உனக்கு அதுக்கு மேல சேந்திருந்தா நீதான் எனக்கு அட்வைஸ் பண்ணணும். இந்த 1 லட்சமே 2008 செப்டம்பர்ல வந்ததுதான், அதுக்கு முன்னாடி வெறும் 20,000. ரேடியோ ஷோவுக்கு ஜனங்க போன் போட்டு பேங்க்ல இருந்து காசை எடுக்கறத பத்தி பேச ஆரம்பிச்சு ரெண்டு நாள்ல ஏத்திட்டாங்க.

நான் இங்க வந்தது 2005ல, நர்ஸா. வீட்டுக்காரர் ஒரு பில்டிங் கம்பெனியில எஸ்டிமேட் போடற வேலை. அப்போ எங்க பாத்தாலும் கிரேன்தான், வந்து ஆறு மாசம் ஆனவங்களுக்கெல்லாம் பேங்க்காரன் போன் பண்ணி வீடு வாங்கறீங்களான்னு கேப்பான், முழு விலைக்கும் லோன் குடுத்தாங்க. நாங்க வாங்கல. புத்திசாலித்தனம்லாம் இல்ல, ஊர்ல நாத்தனார் கல்யாணம் இருந்துச்சு.

2008 செப்டம்பர் 29, எனக்கு நைட் டியூட்டி. காலைல ஹேண்டோவர் குடுக்கற நேரத்துல எட்டாம் நம்பர் பெட் தாத்தா குட்டி ரேடியோவ காதுல ஒட்டி வெச்சிட்டு "பேங்குக்கெல்லாம் காரண்டி குடுத்துட்டாங்களாம், என் இடுப்புக்கு யாராவது குடுப்பாங்களா"ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியல, தூக்கக் கலக்கம் வேற. ராத்திரியோட ராத்திரியா மந்திரிகளை போன்ல எழுப்பி கேட்டு ஆறு பேங்குக்கு, மொத்தம் சுமார் 440 பில்லியன் யூரோ கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கு. பிரதமர் பிரையன் கவன் (இங்க பிரதமரை டீஷக்னு சொல்வாங்க), நிதி மந்திரி பிரையன் லெனிஹன், ரெண்டு பேரும் ஃபியன்னா ஃபாயில் கட்சி. உலகத்துலயே மலிவா முடிஞ்ச பேங்க் மீட்பு இதுதான்னு லெனிஹன் அடுத்த மாசம் சொன்னார். கடைசியில பேங்குங்களுக்கு போட்ட காசு சுமார் 64 பில்லியன். அதுல பாதி கிட்ட ஆங்லோ ஐரிஷ்னு ஒரே பேங்க் முழுங்கிடுச்சு, அதுல உன்னை என்னை மாதிரி ஆளுங்க சம்பள அக்கவுண்ட் கூட வெச்சிருக்க மாட்டாங்க, பெரிய பில்டருங்களுக்கு கடன் குடுக்கற கடை அது.

இப்ப உன் கில்மோர். ஈமன் கில்மோர், லேபர் கட்சி தலைவர். அந்த காரண்டி சட்டம் டாயிலுக்கு (பார்லிமென்ட்டோட கீழ்சபை) வந்தப்ப பெரிய எதிர்க்கட்சி ஃபினெ கேலும் ஆதரிச்சு ஓட்டு போட்டுச்சு, ஷின் ஃபெய்ன் கூட ஆரம்பத்துல ஆதரிச்சுச்சு, லேபர் மட்டும்தான் எதிர்த்துச்சு. அவங்க நிதி விவகாரம் பேசற ஜோன் பர்ட்டன் அக்கவுண்டன்ட் படிச்ச அம்மா, எந்த பேங்க்ல எவ்ளோ ஓட்டைன்னே தெரியாம மொத்தத்துக்கும் எப்படி ஜாமீன் போடறீங்கன்னு அப்பவே கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. இத மறக்காம வெச்சுக்கோ, இப்ப சிரிக்கிறவங்க இத சொல்ல மாட்டாங்க.

அப்புறம் நடந்தது எங்க வீட்டு கதையும்தான். 2009 பிப்ரவரில வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. என் சம்பளத்துல முதல்ல இன்கம் லெவி, அப்புறம் பென்ஷன் லெவி, 2010 ஜனவரில அடிப்படை சம்பளத்துலயே வெட்டு, பேஸ்லிப்ப பாத்தா பிடித்தம் பக்கம்தான் நீளமா இருக்கும். கூட வேலை செஞ்ச ஐரிஷ் பொண்ணுங்க ஒவ்வொருத்தியா ஆஸ்திரேலியா, கனடான்னு கிளம்பினாங்க, அவங்க இடத்துக்கு ஆளும் போடல.

2010 மார்ச் 31. முந்தின நாள்தான் லெனிஹன் எழுந்து ஆங்லோவுக்கு உடனே 8.3 பில்லியன் வேணும், இன்னும் 10 கூட வேண்டி வரலாம்னு சொல்லிருந்தார். நான் ஆஃப், வீட்டுக்காரர் என் யூனிஃபார்ம அயர்ன் பண்ணிட்டு இருக்கார், டிவியில டாயில் ஓடுது. கில்மோர் எழுந்து, அன்னிக்கு ராத்திரி நீங்க எடுத்த முடிவு நாட்டுக்காக இல்ல, உங்க கட்சி காப்பாத்த நினைச்ச ஆளுங்களுக்காகன்னு நான் நம்பறேன், அது உண்மைன்னா அது பொருளாதார தேசத்துரோகம்னு சொல்லிட்டார். நம்ம ஊர்ல துரோகின்னு சொன்னா டீக்கடையில ஒருத்தன் தலை நிமிந்து பாக்க மாட்டான், தினம் நூறு வாட்டி கேக்கற வார்த்தை. இங்க அப்படி இல்ல. கவன் கொதிச்சு போயிட்டார், என் நாட்டுக்கு துரோகம் பண்ணேன்னு யாரும் என்னை சொல்ல விடமாட்டேன்னு பதிலுக்கு நின்னார். அயர்ன் பாக்ஸ் அப்படியே சட்டை மேல இருக்கு, காலர்ல மஞ்சளா தழும்பு விழுந்துடுச்சு, ரெண்டு பேரும் கவனிக்கல. (இதுக்கு சில மாசம் முன்னாடி பால் கோகார்ட்டின்னு ஒரு கிரீன் கட்சி எம்.பி லேபர் ஆளை பாத்து சபையிலயே பச்சையா கெட்ட வார்த்தை சொல்லிட்டு அடுத்த நிமிஷமே மன்னிப்பும் கேட்டார், அப்புறம் பாத்தா தடை செஞ்ச வார்த்தைங்க லிஸ்ட்ல அந்த வார்த்தையே இல்லயாம்.)

அந்த வருஷம் கருத்துக்கணிப்புல லேபர் முதல் இடத்துக்கே போச்சு, கில்மோர்தான் அடுத்த டீஷக்னு போர்டு அடிச்சாங்க. நவம்பர்ல நாடு யார்கிட்டயும் கடன் கேக்கலன்னு மந்திரிங்க ஒரு வாரமா சாதிச்சிட்டு இருக்கும்போது, 18ஆம் தேதி காலைல சென்ட்ரல் பேங்க் கவர்னர் பாட்ரிக் ஹொனஹன் ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து ரேடியோவுக்கு போன் போட்டு ஆமா பெரிய கடன் வரப்போகுதுன்னு சொல்லிட்டார். ஐஎம்எஃப்ல (சர்வதேச நாணய நிதியம்) இருந்து வந்த டீமுக்கு தலைவர் அஜய் சோப்ரா, இந்தியாக்காரர். ரோட்டோரம் பிச்சை கேட்டு உக்காந்திருந்தவரை தாண்டி அவர் நடந்து போற ஃபோட்டோ உலகம் பூரா வந்துச்சு. வார்டுல எல்லாரும் என்னை பிடிச்சுக்கிட்டாங்க, "உங்க ஊர் ஆளுதானே, கொஞ்சம் பாத்து போட சொல்லு". கடன் தொகுப்பு 85 பில்லியன், அதுல 17.5 இவங்களோட சொந்த காசு, பென்ஷனுக்குன்னு எடுத்து வெச்ச நிதியெல்லாம் சேத்து.

2011 பிப்ரவரி எலக்‌ஷன்ல "ஃபிராங்க்ஃபர்ட் வழியா, லேபர் வழியா"ன்னு கில்மோர் பேசினார். ஃபிராங்க்ஃபர்ட்ல இருக்கறது ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க், அதான் அர்த்தம். ஃபினெ கேல் வந்தா குழந்தை உதவித்தொகைய வெட்டுவாங்கன்னு விளம்பரமும் குடுத்தாங்க. ஃபியன்னா ஃபாயில் 78 சீட்ல இருந்து 20க்கு விழுந்துச்சு, அவங்களோட கூட்டணியில இருந்த கிரீன் கட்சி மொத்தமா காலி. லேபருக்கு 37. ஃபினெ கேல் 76 வாங்கி என்டா கென்னி டீஷக் ஆனார், லேபர் கூட்டணியில சேந்து கில்மோர் துணை பிரதமர் ஆனார்.

அப்புறம் ஃபிராங்க்ஃபர்ட் வழிதான். வேற எப்படி போக முடியும்? மூணு மாசத்துக்கு ஒருக்கா ட்ரொய்கா (ஐரோப்பிய கமிஷன், ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க், ஐஎம்எஃப் மூணும் சேந்தது) ஆளுங்க வந்து கணக்கு பாத்தாதான் அடுத்த தவணை. பேங்குக்கு கடன் குடுத்த முதலீட்டாளருங்களுக்கு நஷ்டத்துல பங்கு குடுக்கலாம்னு புது நிதி மந்திரி பாத்தார், ஐரோப்பிய பேங்க் விடல. நியாயமா சொல்லணும்னா, முந்தின அரசாங்கம் 8.65ல இருந்து 7.65 ஆக்கிட்டு போன குறைந்தபட்ச கூலிய திருப்பி ஏத்தினாங்க, 2013 பிப்ரவரில ஒரே ராத்திரில சட்டம் போட்டு ஆங்லோ மிச்சத்தை இழுத்து மூடி, அதுக்காக அரசாங்கம் தலையில ஏறின கடனை பல வருஷத்துக்கு தள்ளி போட்டாங்க. ஆனா அதே வருஷ பட்ஜெட்ல குழந்தை பணம் 140ல இருந்து 130. எந்த வெட்டை காட்டி பயமுறுத்தினாங்களோ அதே வெட்டு. 2016ல லேபர் 37ல இருந்து 7. "இன்னொரு கில்மோர்"னு சிரிக்கிறது இதுக்குத்தான். நான் சிரிக்க மாட்டேன், ஏன்னா அந்த ஆளு கேட்ட கேள்வி எல்லாமே சரி, குடுத்த வாக்குதான் கையில காசு இல்லாம குடுத்தது. இப்ப கத்துறவங்களையும் நான் அப்படித்தான் கேப்பேன், என்ன நம்பர் சொல்றாங்கன்னு குறிச்சுக்குவேன், நாங்க வந்தா பண்ணுவோம்ங்கறப்ப எழுந்து குழம்பு கிண்டப் போயிடுவேன்.

மறுபடி ஆகுமான்னா, அதே மாதிரி ஆகறது கஷ்டம்னு நினைக்கிறேன். 2015ல இருந்து சம்பளத்துக்கு இத்தனை மடங்குதான் வீட்டு லோன்னு சென்ட்ரல் பேங்க் கயிறு கட்டி வெச்சிருக்கு. இப்ப இருக்கற தலைவலி வாடகை, அது உனக்கே தெரியும்.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்கு தெரியாது. சிட்டிசன்ஷிப் இல்லாட்டியும், பெர்மிட்ல இருந்தாலும், இங்க குடியிருந்தா கவுன்சில் எலக்‌ஷன்ல ஓட்டு உண்டு. மறக்காம பேரை சேத்துடு. 2009 ஜூன்ல நான் முதல் தடவை போட்டேன். லேபர் ஆளு ஒருத்தர் வாசல்ல வந்து நின்னார், வீட்டுக்காரர் வேலை போன கதைய இருபது நிமிஷம் நின்னு கேட்டார், அவங்க தலைவர் அரசாங்கத்த விட மாட்டார்னு சொல்லிட்டு போனார். இங்க ஒரு ஆளுக்கு குத்தறது இல்ல, 1, 2, 3ன்னு வரிசையா நம்பர் போடணும், அவருக்கு ஒண்ணு போட்டேன், ஜெயிச்சார். 2014 மே மாசம் அதே ஆளு நல்ல மழையில வந்தார். ரெண்டு பிள்ளைக்கு மாசம் இருபது யூரோ குறைஞ்சுதுங்கன்னேன். நாங்க இல்லன்னா இன்னும் வெட்டிருப்பாங்கன்னார், சொல்லும்போது என் முகத்த பாக்காம கதவு நம்பரையே பாத்தார். பாவமா இருந்துச்சு, உள்ள கூப்பிட்டு இஞ்சி டீ குடுத்தேன். ஓட்டுல நாலாம் நம்பர் போட்டேன். தோத்துட்டார். இப்பவும் சூப்பர்மார்க்கெட்ல பாத்தா அந்த டீய பத்தி சொல்லி சிரிப்பார், நாலாம் நம்பர் பத்தி நான் வாயத் திறக்கறதில்ல.