பழைய மஸ்டாங்கின் உள்வேலை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, 1966 ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். தரை முழுக்க சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டிவிட்டு நேராக கார்பெட் போட்டுவிடலாமா?

பதில்: போடலாம் தம்பி, அதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வா. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கத்தில் சல்லடை மாதிரி இருக்கிறதே, அதுதான் கவுல், உள்ளே காற்று வருவதற்கான வழி. அதில் இலை தழை விழுந்து, ஈரம் தங்கி, காற்றுக் குழியின் விளிம்பு துருப்பிடித்துவிடும். அந்தக் கால மஸ்டாங்குகளுக்கு இது பரம்பரை வியாதி. இரண்டு பக்கமும் தண்ணீரை ஊற்றிவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார். ஒரு சொட்டு விழுந்தாலும் கார்பெட் வேலையை நிறுத்து. நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் எல்லாம் ஒட்டி முடித்து, மூன்று மழைக்குப் பிறகு ஈர நாய் வாடை அடிக்க, ஒட்டியதை எல்லாம் சுரண்டி எடுத்தேன். அந்த வாரம் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

கேள்வி: ஷீட்டை ஒரு இடம் விடாமல் ஒட்ட வேண்டுமா? கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: தார் வேண்டாம், வெயிலில் இளகி நாறும். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட் வாங்குங்கள். அதன் வேலை தகரத்தின் அதிர்வை அடக்குவது, அவ்வளவுதான். தட்டிப் பார்த்து டங் என்று ஒலிக்கும் இடங்களில், கால் பங்கிலிருந்து பாதிப் பரப்பு வரை ஒட்டினாலே போதும். துருவையும் எண்ணெயையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ரோலரால் நன்றாக அழுத்துங்கள்.

கேள்வி: எல்லாம் ஒட்டியும் இன்ஜின் இரைச்சல் குறையவில்லை சார்.

பதில்: ஓட்டையைத் தேடுங்கள். ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில், வயர் போகும் ரப்பர் வளையங்கள், ஸ்டீயரிங் தண்டின் அடி, கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங், எல்லாம் அறுபது வருடக் கிழடுகள். கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் செத்துவிட்டது. இதற்கு அப்புறம்தான் தண்ணீர் உறிஞ்சாத மூடிய துளை ஃபோமும் அதன்மேல் கனமான வினைல் தடுப்பும். வி8 இன்ஜின் சத்தத்தை முழுதாக ஒழிப்பதற்கு எதற்கு இந்தக் கார் என்பது வேறு கேள்வி!

கேள்வி: கதவின் உள்பக்கம் மாட்டிய புது டோர் பேனல் ஒரே வருடத்தில் நெளிந்துவிட்டது.

பதில்: பின்னால் பிளாஸ்டிக் தாள் ஒட்டினீர்களா? கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், பேனலின் அட்டை அதைக் குடித்துவிடும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் அடைக்காதீர்கள்.

கேள்வி: கார்பெட்டில் சீட் போல்ட்டுக்கு டிரில் போடலாமா?

பதில்: ஐயோ, கூடாது. நூல் டிரில்லில் சுற்றிக்கொண்டு நீளமாக உருவிக்கொண்டு வந்துவிடும். சூடான சால்டரிங் அயர்னால் குத்துங்கள், ஓரம் உருகி நிற்கும். பின்பக்கத் துண்டை முதலில் விரித்து, முன்துண்டை அதன்மேல் ஏற்றுங்கள். அதற்கு முன் இரண்டையும் வெயிலில் போட்டால் மடிப்பு தானாகப் போய்விடும்.

கேள்வி: ஹெட்லைனர், அதாவது கூரையின் உள்துணி, கழற்றப் போகிறேன், ஏதாவது எச்சரிக்கை?

பதில்: கூரையில் குறுக்கே இருக்கும் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. கழற்றும்போதே எண் போட்டு, எந்தத் துளையில் இருந்தது என்பதையும் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.