பத்திரம் எழுதாவிட்டால் ஒப்பந்தம் இல்லையா?

கேள்வி: தங்கை நிச்சயதார்த்தத்துக்கு 300 இலைச் சாப்பாடு என்று சமையல் கான்ட்ராக்டரிடம் பேசினேன். வாட்ஸ்அப்பில் "ஓகேண்ணே, ஃபிக்ஸ் பண்ணிருங்க" என்று அனுப்பி 10,000 ரூபாய் அட்வான்ஸும் போட்டேன். வேறு இடத்தில் குறைவாகக் கிடைத்ததால் மூன்று நாள் முன்பு வேண்டாம் என்றுவிட்டேன். அட்வான்ஸைத் தர மாட்டாராம், மேற்கொண்டும் பணம் வேண்டுமாம். பத்திரம் எதுவும் எழுதவில்லையே, இது எப்படி ஒப்பந்தமாகும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஆகும்.

இந்தப் பத்திர பக்தி நம் ஊரில் என்றைக்கு ஒழியுமோ! முத்திரைத்தாளில் எழுதினால்தான் ஒப்பந்தம், மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு பார்ப்பது வேறு. இரண்டு தரப்பும் 18 வயது நிரம்பிய, புத்தி சுவாதீனமுள்ள ஆட்களா? மனமொப்பிச் சம்மதித்தார்களா? ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று உண்டா? காரியம் சட்டத்துக்கு உட்பட்டதா? அவ்வளவுதான். ஆட்டோக்காரரிடம் "சென்ட்ரல், 150" என்று பேசி ஏறி உட்கார்ந்தால் ஒப்பந்தம். வாயே திறக்காமல் பஸ்ஸில் ஏறிச் சில்லறையை நீட்டினாலும் ஒப்பந்தம். வீடு, நிலம் விற்பது போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்தும் பதிவும் வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்தது என்பதற்காகவே ஒப்பந்தம் செல்லாமல் போகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது.

அப்புறம் எதற்கு எழுதி வாங்குவது? நாளைக்கு நிரூபிக்க. இது எனக்குக் காசு கொடுத்துத் தெரிந்தது. தச்சர் ஒருவரிடம் தேக்குக் கட்டில் என்று பேசி 15,000 முன்பணம் கொடுத்தேன். பாக்கெட் நோட்டில் "தே.க. கட்டில் 1" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். வந்த கட்டில் வேம்பா, மாமரமா என்று இன்றுவரை தெரியாது. கேட்டதற்கு, "தே.க.ன்னா தேக்கு கலர் சார்" என்றார். பேசியது தேக்குதான். கையில் இருந்தது இரண்டு எழுத்து. மீதிப் பணத்தையும் கொடுத்து அதில்தான் படுத்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். உங்கள் "ஓகேண்ணே"யை நம்பி அவர் ஆள் பிடித்திருப்பார், காய்கறிக்குச் சொல்லியிருப்பார், முகூர்த்த நாளில் வந்த இன்னொரு வேலையை விட்டிருப்பார். அந்த நஷ்டத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வாய்க்கு வந்த தொகையைக் கேட்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள் தருவது நியாயமான இழப்பீடு மட்டுமே. கணக்குக் கேளுங்கள், மிச்சமிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு மன்னிப்பும் கேளுங்கள்.

கேள்வி: கடையில் மிக்ஸி மேல் 2,499 என்று சீட்டு ஒட்டியிருந்தது. பில் போடும்போது 4,299 என்கிறார்கள். சீட்டில் உள்ள விலைக்குத் தரச் சொல்லி வழக்குப் போடலாமா?

பதில்: முடியாது. அலமாரியில் ஒட்டிய விலை "வந்து கேளுங்கள்" என்ற அழைப்புதான். நீங்கள் கேட்டு, கடைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் ஒப்பந்தம். வேண்டுமென்றே ஆளை இழுக்க ஒட்டியதாகத் தோன்றினால் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாக மாமா சொன்னார். 462 எடுத்தேன். இப்போது பேச்சையே காணோம்.

பதில்: தம்பி, முதலில் வாழ்த்துகள். இலங்கையில் அரசு வேலை பார்த்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தில் தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்னார். தகராறு வந்து மனைவி வழக்குப் போட, வீட்டுக்குள் இப்படிப் பேசிக்கொள்வதை யாரும் சட்டப்படி கட்டுப்படும் எண்ணத்தோடு பேசுவதில்லை என்று 1919இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஆகவே கோர்ட் வேண்டாம். அத்தையிடம் போ.

கேள்வி: கடன் வாங்கி 95,000 ரூபாய்க்கு ஊதுபத்தி மெஷின் வாங்கினேன். நான் போடும் பத்தியை அவர்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு முறை எடுத்துப் பணமும் போட்டார்கள். இப்போது தரம் சரியில்லை என்கிறார்கள், போனும் எடுப்பதில்லை. பில்லில் மெஷின் விலை மட்டும்தான் இருக்கிறது. (ஈரோடு வாசகி)

பதில்: அம்மா, வாய்ப்பேச்சுதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு முறை உங்கள் கணக்கில் விழுந்த பணம் பாஸ்புக்கில் இருக்குமே, அதுதான் உங்கள் பத்திரம். வாங்கிக்கொள்வதாகச் சொல்லாதவர்கள் எதற்குப் பணம் போட்டார்கள்? நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கும் வாக்கை ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி என்கிறது. அப்படி வாங்கிய சம்மதத்தை நீங்கள் ரத்து செய்யலாம்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். பயப்படாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரை 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வாங்கிய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மெஷினை விற்றுவிடாதீர்கள், நோட்டீஸ், குறுஞ்செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியலில் 10,000 என்று பெயர் எழுதினேன். இப்போது கையில் இல்லை. வழக்குப் போடுவார்களா?

பதில்: கோயில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது 125 ரூபாய் எழுதிவிட்டுத் தராத ஒருவர் மேல் போட்ட வழக்கு, 1930களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் 1886இல் ஹவுரா டவுன் ஹாலுக்கு 100 ரூபாய் எழுதியவர் கட்ட வேண்டியிருந்தது. அங்கே எழுதியவர்களை நம்பித்தான் கான்ட்ராக்டருக்கு வேலையே கொடுத்தார்கள். உங்கள் பெயரை நம்பி ஸ்தபதிக்கு வேலை கொடுத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: கிரிக்கெட் பந்தயத்தில் நண்பன் 5,000 தோற்றான். தருகிறேன் என்று எழுதியே கொடுத்திருக்கிறான்.

பதில்: பந்தயம் செல்லாது, ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவு. கல்வெட்டில் வெட்டிக் கொடுத்தாலும் செல்லாது. பிரியாணியாவது வாங்கித் தரச் சொல்லுங்கள்.