தென்னாப்பிரிக்காவில் வாடகைத் தாய்க்குப் பணம் கொடுக்கலாமா?

வேறொரு தம்பதிக்காகக் கருவைச் சுமந்து பெற்றுக்கொடுப்பவர் வாடகைத் தாய். இங்கே 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி அவருக்குக் கூலி கிடையாது. வறுமைக்காக ஒரு பெண் தன் உடலைப் பணயம் வைக்கும் நிலை வரக்கூடாது என்பதே காரணம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ஆனால் செலவு வேறு. சாட்ஸ்வர்த் கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்க வரும் அக்காவுக்குச் சம்பளம் இல்லை. அதற்காக அரிசி, பருப்புச் செலவை அவர் தலையிலா கட்டுவோம்? மருத்துவச் செலவையும் காப்பீட்டையும் கொடுக்கலாம். தையல் ஆலையில் வேலை பார்ப்பவர் என்றால், கர்ப்பத்தால் இழந்த வாரச் சம்பளத்தையும் ஈடுகட்டலாம். காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

சொந்தத் தங்கை சுமந்தால் வீட்டுக்குள் பேசி முடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதும் கருவூட்டலுக்கு முன்பே ஒப்பந்தத்தை உயர் நீதிமன்றம் உறுதிசெய்திருக்க வேண்டும்.