யன்னல் இருக்க ரிங் லைட் எதற்கு?

கேள்வி: ஓகஸ்டில் கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. மாமாவுக்கு அதே கிழமை 70ஆவது பிறந்தநாள். எல்லோருமாக 11 பேர். ஸ்டூடியோவுக்குப் போகாமல் வீட்டிலேயே குடும்பப்படம் எடுக்கலாம் என்று யோசனை. பம்பலப்பிட்டியில் விசாரித்தால் கமரா, லென்ஸ், லைட் என்று ஒரு 'செட்' சொல்கிறார்கள். விலையைக் கேட்டதிலிருந்து இவர் வாயே திறக்கவில்லை. ஓரளவு நல்ல போன் இருக்கிறது. கமரா வாங்கத்தான் வேண்டுமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: வேண்டாம். புதுக் கமரா கைக்குப் பழகவே நாலைந்து மாதம் போகும். அதற்குள் மச்சாள் வந்து திரும்பியும் போய்விடுவா. இருக்கிற போனை வைத்துக்கொண்டு யன்னலைக் கவனியுங்கள்.

நம்முடைய தாத்தா பாட்டி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்ததற்குக் கமரா மட்டும் காரணமில்லை. அந்தக்கால ஸ்டூடியோக்கள் பலவற்றில் கூரையிலோ சுவரிலோ பெரிய கண்ணாடி யன்னல் வைத்து, வெயில் நேரே விழாத வெளிச்சத்தை உள்ளே எடுத்தார்கள். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே ஸ்டூடியோவின் காலம் அது. உங்கள் பிளட்டின் பெரிய யன்னலும் அதே வேலையைச் செய்யும், காசு கேட்காமல்.

யூடியூபில் எல்லோரும் வடக்கு யன்னலைத் தேடச் சொல்வார்கள். நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் அது சரி. கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து, செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். ஆகவே ஓகஸ்டில் வடக்கு யன்னலை நம்பினால் வெயில் உள்ளே வரலாம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் வீடென்றால் கடல்பக்க யன்னல் மேற்குப் பார்த்தது. காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை அந்தப் பக்கம் வெயில் படாது, ஆனால் வானம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். அந்த இரண்டு மணித்தியாலம்தான் உங்களுடையது.

எல்லோரையும் யன்னலைப் பார்த்தபடி கொஞ்சம் பக்கவாட்டாக வையுங்கள். யன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் முகமெல்லாம் கறுத்துவிடும். அப்புறம் முக்கியமான ஒன்று: ஹோலில் எரியும் எல்லா லைட்டையும் அணையுங்கள். பகல் வெளிச்சம் நீலச்சாயல், வீட்டு மின்குமிழ் மஞ்சள். இரண்டும் கலந்தால் மாமாவின் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் இன்னொரு நிறம். எந்த அப்பும் அதை ஒழுங்காகத் திருத்தாது.

மாமாவையும் மாமியையும் நடுவில் கதிரையில் இருத்துங்கள். குட்டிப்பிள்ளைகள் மடியிலோ கீழே பாயிலோ. நிற்பவர்கள் கதிரைக்கு ஒட்டியே நிற்கட்டும். வரிசைக்கு நடுவே இடைவெளி கூடினால் பின்னால் நிற்பவர் மங்கலாகத் தெரிவார். போனை ஏழெட்டு அடி பின்னுக்குக் கொண்டுபோய், இருப்பவர்களின் கண் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். இடம் போதவில்லை என்று 0.5 லென்ஸுக்குப் போகவே கூடாது. ஓரத்தில் நிற்கும் மச்சாளின் கை இரண்டு மடங்கு பருத்துத் தெரியும், அந்தப் பழியை நான் ஏற்க மாட்டேன். இடம் இருந்தால் 2x இன்னும் நல்லது.

முன்பக்க செல்ஃபி கமரா வேண்டாம், பின்பக்கத்தால் எடுங்கள். எடுக்கும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். 'போன் பழசாகிவிட்டது, படம் மங்கல்' என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேரின் லென்ஸில் இருந்தது விரல் எண்ணெய்தான்.

வாங்க வேண்டியது இரண்டே இரண்டு. உறுதியான ட்ரைபொட் ஒன்று, புளூடூத் ரிமோட் ஒன்று. ரிமோட் வேறொன்றும் செய்வதில்லை, போனின் சத்தப் பொத்தானைத் தூரத்திலிருந்து அமுக்குகிறது. பழைய வயர் இயர்போன் இருந்தால், பல போன்களில் அதன் சத்தப் பொத்தானும் படம் எடுக்கும். வயர் எட்டுமா என்பதுதான் பிரச்சினை. ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்து, டைமரை 3 செக்கனில் வைத்து அமுக்கினால் கையைத் தொங்கவிட நேரம் கிடைக்கும். 11 பேரும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்கும் படம் வேண்டுமென்றால் ஐம்பது அறுபது எடுத்தாக வேண்டும். கடைசிப் பிள்ளைக்குப் பசிக்க முதல் முடித்துவிடுங்கள்.

கேள்வி: இதே தேவைக்காக 10 அங்குல ரிங் லைட் வாங்கிவிட்டேன். அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையம். பின்வரிசை இருட்டு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கொட்டாஞ்சேனை)

பதில்: ஏமாற்றவில்லை, உங்களுக்குத் தேவையில்லாததை விற்றுவிட்டார். அது ஒருவர் முகத்துக்கு மூன்றடியில் வைக்கச் செய்த லைட். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், அதனால்தான் பின்வரிசை இருட்டு. வளையத்தைக் கழற்றி மேசையில் வையுங்கள், மகளின் சூம் வகுப்புக்கு உதவும். அதன் காலில் போன் பிடிப்பானைப் பூட்ட முடிந்தால் உங்களுக்கு ட்ரைபொட் செலவு மிச்சம்.

அம்மம்மாவின் கண்ணாடிக்கு ஒரு கைமருந்து: காதில் மாட்டும் கம்பிகளை ஒரு துளி மேலே தூக்கிவிடுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சரியும், யன்னல் பிம்பமும் அதிலிருந்து போய்விடும். படத்தில் தூக்கியது தெரியாது.

கேள்வி: காலிமுகத்திடலில் பின்னேரம் எடுத்தால் வானம் மட்டும் வடிவாக வருகிறது, நாங்கள் நிழல் உருவம் போல. (தெஹிவளை)

பதில்: கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு நிற்கிறீர்கள். அங்கே கடல் மேற்கு, சூரியன் அதற்குள்தான் இறங்குகிறது. திரும்புங்கள். குடும்பம் கடலைப் பார்க்கட்டும், போன் கடலுக்கு முதுகு காட்டட்டும். சூரியன் தாழ்ந்து வெயில் மஞ்சளாகும் கடைசி அரை மணித்தியாலத்தில் முகங்கள் பளிச்சென்று இருக்கும். பின்னால் பறக்கிற பட்டங்கள் வரும். வெயில் கண்ணைக் கூசினால் சூரியன் மறைந்த பிறகு எடுக்கலாம், ஆனால் இங்கே அந்திவெளிச்சம் கனநேரம் நிற்காது. இறால் வடையை அதற்குப் பிறகு சாப்பிடுங்கள்.

காற்றையும் மறக்க வேண்டாம். போன வருடம் என் மெலிந்த ட்ரைபொட் அங்கே போனோடு சேர்ந்து குப்புற விழுந்தது. நடுத்தண்டில் தண்ணீர்ப் போத்தல் பை ஒன்றைக் கொழுவியிருந்தால் தப்பியிருக்கும்.

கேள்வி: 12×18 அங்குலத்தில் அடிக்கக் கொடுத்தோம். படம் 'உடைகிறது' என்கிறார்கள். போன் 12 மெகாபிக்சல். போதாதா? (மட்டக்குளி)

பதில்: போதும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினீர்களா? அது படத்தைச் சுருக்கிவிடும். நீளப்பக்கம் சுமார் 1,600 புள்ளிகளுக்கு இறங்கிவிட்டால் 18 அங்குலத்தில் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. சுவர்ப்படத்துக்கு 200 இருந்தால் நல்லது. உங்கள் போன் எடுத்த மூலப்படத்தில் நீளப்பக்கம் 4,000 புள்ளி இருக்கும், கணக்குச் சரியாக வரும். 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

இன்னொரு பொறி: போன் படம் 4:3, இந்தப் பேப்பர் 3:2. மேலும் கீழுமாக உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். எடுக்கும்போதே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடாவிட்டால் யாரோ ஒருவரின் கொண்டை போகும். பளபளப்புப் பேப்பர் வேண்டாம், மெட் கேளுங்கள். நம்முடைய ஈரக்காற்றில் பளபளப்புப் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கும்போது முகம் கண்ணாடியில், தாள் கையில். எந்தப் பேப்பரானாலும் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். கமராவில் மிஞ்சிய காசை நான் இங்கேதான் செலவழிப்பேன்.

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய ட்ரைபொட் மூன்றாம் நாள் பூட்டு உடைந்தது. 'விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். (வத்தளை)

பதில்: பில் இருக்கிறதா? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முதலில் உடைந்த பூட்டைப் படம் எடுத்து, பில்லோடு போய் அமைதியாகக் கதையுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் அடியுங்கள். ஆனால் அடித்ததோடு விட்டுவிடாதீர்கள்: முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அடுத்த முறை பில்லின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தையும் வாசியுங்கள். ஒரு வருட வொரண்டி என்று வாயால் சொல்லிவிட்டு 350 நாள் என்று அச்சடித்திருப்பார்கள். ட்ரைபொட் என்றால் கடையிலேயே கால்களை முழுக்க நீட்டி, உங்கள் போனைப் பூட்டி, தலையை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.